குடும்பம் சேர ஒரு தொகை: பிரிட்டனின் வருமான வரம்பு வந்த வரலாறு

மனைவி மக்களைப் பராமரிப்பதை நம் மார்க்கம் கடமையாக்கியிருக்கிறது. வசதி படைத்தவருக்கும் வறியவருக்கும் அக்கடமை ஒரே தொகையன்று என்பதே சூரத்துத் தலாக்கின் 7 ஆவது வசனம் நமக்கு உணர்த்தும் நெறி. பிரிட்டனில் குடியேறியோர் தம் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அந்நாட்டு அரசு விதித்த அளவுகோலோ காலந்தோறும் மாறி, இறுதியில் அனைவருக்கும் பொதுவான ஒரு தொகையில் வந்து நின்றது.

1971 ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஒரு வாக்குறுதியை அளித்தது. 1973 ஜனவரி 1 அன்று அங்கு நிலையாகக் குடியிருந்த காமன்வெல்த் குடிமக்களின் மனைவியரும் பிள்ளைகளும் வந்து சேரும் உரிமை குறைக்கப்படாது என்பதே அது. ஆலைகளில் உழைத்துக்கொண்டிருந்த பாகிஸ்தானிய, வங்கதேசத்துத் தொழிலாளர் பலர் இதனை நம்பியிருந்தனர். 1988 ஆம் ஆண்டின் சட்டம் அப்பாதுகாப்பை நீக்கியது. அரசின் உதவித்தொகையை நாடாமல் குடும்பத்தைக் காப்போம் என்றும், தங்க இடம் உண்டு என்றும் அவர்களும் நிறுவ வேண்டியதாயிற்று.

ஆயினும் அன்று நிலையான தொகை எதுவும் இல்லை. உதவித்தொகை பெறும் குடும்பத்தின் வருவாய்க்குக் குறையாமல் இருந்தால் போதும் என்பதே நடைமுறை. உறவினர் தரும் உதவியையும் கணக்கில் கொள்ளலாம் என 2009 டிசம்பரில் மஹாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறவுகள் ஒன்றுக்கொன்று தோள் கொடுக்கும் சமுதாயங்களுக்கு அது பெரும் ஆறுதல்.

அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. 2012 ஜூலை 9 முதல், துணையை அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண்டு ஈட்ட வேண்டும் என்ற விதி வந்தது. அனுமதி தேவைப்படும் ஒரு குழந்தை உடன் வந்தால் 22,400. அதற்கு மேல் ஒவ்வொரு குழந்தைக்கும் 2,400. உறவினர் அளிக்கும் வாக்குறுதி ஏற்கப்படவில்லை. வெளிநாட்டில் உள்ள துணையின் சம்பளமும் கணக்கில் சேரவில்லை. வயது முதிர்ந்த பெற்றோரை அழைக்கும் விதியும் அப்போதே இறுகியது. அன்றாடத் தேவைகளுக்கே பிறர் துணை வேண்டும், அந்தப் பராமரிப்பு தாய்நாட்டில் கிடைக்காது என்று நிறுவினாலன்றி அவர்களுக்கு வழியில்லை.

2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வருமான வரம்பு செல்லும் என்றது. ஆனால், குழந்தைகளின் நலனை விதிகள் போதிய அளவு பேணவில்லை என்றும் கண்டது. அதன் விளைவாக, விதிவிலக்கான சூழல்களில் நம்பத்தகுந்த பிற நிதி ஆதாரங்களையும் பரிசீலிக்க அவ்வாண்டு ஆகஸ்டில் இடம் தரப்பட்டது.

2024 ஏப்ரல் 11 முதல் வரம்பு 29,000 பவுண்டாக உயர்ந்தது. குழந்தைகளுக்கான கூடுதல் தொகை நீங்கியது. அதனை 38,700 வரை உயர்த்தும் திட்டத்தைப் பின்னர் வந்த அரசு நிறுத்திவைத்தது. வருமானமே இல்லாதவர் சேமிப்பைக் காட்ட விரும்பினால், முன்னர் 62,500 பவுண்டு வேண்டியிருந்தது, இப்போது 88,500. அத்தொகை ஆறு மாதம் அவர் கைவசம் இருந்திருக்க வேண்டும். அன்பளிப்பாக வந்த பணம் ஏற்கப்படும். கடனாக வந்தது ஏற்கப்படாது.

இங்குதான் நம் ஈமான் சோதிக்கப்படுகிறது. திருப்பித் தருவதாகப் பேசிப் பெற்ற தொகையை 'ஹதியா' என்று எழுதிக் கையொப்பமிடுவது பொய்ச்சாட்சியாகும். மனைவியை அழைக்கும் தூய நோக்கம் அந்தப் பொய்யை ஹலால் ஆக்கிவிடாது. அது வெளிப்பட்டால் விண்ணப்பம் மறுக்கப்படும். பத்து ஆண்டுகள் வரை தடையும் நேரலாம். வசதியுள்ள உறவினர் உண்மையாகவே ஈந்துவிடட்டும். அது உறவைப் பேணும் நற்செயல். இயலாதவர் கடன் என்றே சொல்லட்டும்.

வரம்புகளை அரசுகள் மாற்றிக்கொண்டே இருக்கும். வரம்பு எதுவாயினும், நாம் எழுதித் தரும் சொல் அமானிதமாக இருக்க வேண்டும். பிரிந்திருக்கும் குடும்பங்களை அல்லாஹ் நேர்வழியில் ஒன்றுசேர்ப்பானாக. ஆமீன்.