வெட்டுப்பட்டியல் யார் கையில்?

வீடியோவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எப்போதும் கேமராவிலிருந்தே தொடங்குகிறார்கள். 1967இல் சோனியின் போர்ட்டாபேக் வந்தது, தோளில் மாட்டிக்கொண்டு யாரும் படமெடுக்கலாம் என்றானது, ஊடகம் மக்கள் கைக்கு வந்துவிட்டது. இந்தக் கதையாடலில் எனக்கு நம்பிக்கையில்லை. எடுத்ததில் எது மிஞ்சும், எது குப்பைக்குப் போகும் என்று தீர்மானிக்கிற அதிகாரம் எங்கே இருந்தது? அதை யாரும் கேட்பதில்லை.

1956இல் ஆம்பெக்ஸ் கொண்டுவந்த இரண்டு அங்குல நாடாவில் பிம்பம் கண்ணுக்குத் தெரியாது. ஃபிலிம் மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வெட்டுகிற வேலையெல்லாம் நடக்காது. இரும்புத்தூள் கலந்த திரவத்தைத் தடவி, காந்தத் தடங்களை நுண்ணோக்கியில் தேடி, பிளேடால் அறுத்து ஒட்டினார்கள். பிறகு அறுப்பது போய், ஒரு டெக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதியெடுப்பதே எடிட்டிங் என்றானது.

டெக்குகளைச் சேர்ந்து ஓடவைப்பது எப்படி? டைம்கோடுதான் வழி. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று ஒரு முகவரி. அமெரிக்க வண்ண ஒளிபரப்பில் நொடிக்கு 30 அல்ல, 29.97 ஃபிரேம். கடிகாரத்தோடு கணக்கு ஒத்துப்போக நிமிடத்துக்கு 2 எண்களைத் தாண்டுவார்கள். பத்தாவது நிமிடங்களில் மட்டும் தாண்டுவதில்லை. மணிக்கு 108 எண்கள் காணாமல் போகும், படம் ஒன்றும் போகாது. காலம் கட்டமைக்கப்படுவது என்பதற்குத் தத்துவப் புத்தகம் எதற்கு?

முகவரி கிடைத்ததும் கம்ப்யூட்டர் உள்ளே வந்தது. 1971இல் சிபிஎஸ்ஸும் மெமொரெக்ஸும் கூட்டாகத் தொடங்கிய சிஎம்எக்ஸ், பல டெக்குகளை ஒரே கம்ப்யூட்டரின் கீழ் கொண்டுவந்தது. அது படத்தைத் தொடுவதே இல்லை, ஆணையிடும், அவ்வளவுதான். வெட்டுப்புள்ளிக்குச் சில நொடிகள் முன்னால் எல்லா டெக்குகளையும் பின்னுக்கு இழுத்து, சேர்ந்து ஓடவிட்டு, வேகம் ஒத்துப்போனதும் குறித்த ஃபிரேமில் பதியத் தொடங்கும். ஒரு காட்சி மங்கி இன்னொன்று எழ வேண்டுமானால் ஓட இரண்டு டெக், பதிய ஒன்று.

இங்கேதான் பிளவு. எடிட்டிங் ஒரு பட்டியலாகிவிட்டது: எந்த நாடா, எங்கே நுழைவது, எங்கே வெளியேறுவது. மலிவான பிரதிகளை வைத்து ஒரு அறையில் யோசிப்பது, துளையிட்ட காகித நாடாவில் பட்டியலை எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாடகை கேட்கிற இன்னொரு அறையில் முடிப்பது. 1984இல் வந்த மான்டாஜ் கருவியில் 17 பீட்டாமேக்ஸ் டெக்குகள், எல்லாவற்றிலும் அதே காட்சிகள். ஒன்று ஓடும்போது மற்றவை அடுத்தடுத்த துண்டுகளைத் தேடி நிற்கும். எதையும் பதியாமலே வரிசையை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். சுதந்திரம்தான். ஆனால் 17 டெக்குகளின் விலையில்!

போர்ட்டாபேக்காரர்களுக்கு என்ன கிடைத்தது? அரை அங்குல நாடாவின் சமிக்ஞை நிலையற்றது, ஒளிபரப்புத் தரமில்லை என்று வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். டைம்பேஸ் கரெக்டர் என்ற பெட்டி வந்து அந்தச் சமிக்ஞையை நேராக்கிய பிறகே, 1974இல் டிவிடிவி குழுவின் ‘லார்ட் ஆஃப் தி யுனிவர்ஸ்’ அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் காட்டப்பட்டது. ‘தரம்’ என்ற சொல்லுக்குள் பொறியியல் எவ்வளவு, காவல் வேலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

1989இல் அவிட் வந்து காட்சிகளை வட்டுக்கு மாற்றியது. டெக்குகள் மெல்ல ஒழிந்தன. சிஎம்எக்ஸ் வகுத்த பட்டியல் வடிவத்தை மட்டும் இன்றைய மென்பொருட்களும் படிக்கின்றன. இன்று டெலிபோனிலேயே எடிட் செய்கிறோம், சரி. எது யார் கண்ணுக்கு எந்த வரிசையில் போகும் என்கிற கடைசிப் பட்டியலை மட்டும் இப்போதும் வேறெங்கோ இருக்கிற இயந்திரம் போடுகிறது. கேமரா கைக்கு வந்துவிட்டது என்று கொண்டாடுகிற தோழர்கள் அந்த அறையின் சாவியையும் கேட்க வேண்டும்.