சொல் விளங்காப் பாட்டும் கேட்போர் மனக்காட்சியும்: அட்டப்பாடி இருளர் பாடலொன்றை முன்வைத்து

பாட்டைக் கேட்பவர் மனத்தில் காட்சி எழுகிறது என்பது எவரும் அறிந்த செய்தி. அக்காட்சி எங்கிருந்து வருகிறது என்பதே ஆராயத்தக்க வினா. பாட்டின் சொல்லிலிருந்தா, பண்ணிலிருந்தா, பாடுபவர் குரலிலிருந்தா, அன்றிக் கேட்பவர் முன்னரே சேர்த்துவைத்திருக்கும் நினைவுகளிலிருந்தா? சொல் விளங்கும் பாட்டில் இவற்றைப் பிரித்தறிதல் அரிது. சொல் விளங்காத பாட்டே இவ்வாய்வுக்கு ஏற்ற களமாக அமையும். பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் அகளியை அடுத்து வாழும் இருளர் இனப் பாடகி நஞ்சியம்மா 2020இல் ஒரு மலையாளத் திரைப்படத்துக்காகப் பாடிய பாடல் அத்தகையது. அப்பாட்டின் உள்ளே இருக்கும் காட்சிக்கும், அதனைக் கேட்டவர்கள் தம் மனத்தில் கண்ட காட்சிக்கும் இடையிலுள்ள தொலைவை வரலாற்று நோக்கில் காண இக்கட்டுரை முற்படுகிறது.

இசையும் நிலமும்

இசைக்கும் நிலக்காட்சிக்கும் உள்ள உறவு தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. மரம் எவ்வாறு நிலத்துக்கு உரியதோ அவ்வாறே பண்ணும் நிலத்துக்கு உரியது என்பது இதன் கருத்து. குறிஞ்சிப்பண் கேட்டால் மலை தோன்றும். மலையைக் கண்டால் குறிஞ்சிப்பண் தோன்றும். எனினும் இவ்வுறவு அந்நிலத்தை அறிந்தவரிடத்தேயே நிகழக்கூடியது. பண்ணையும் மலையையும் ஒருங்கே பழகாதவர்க்கு முன்னது பின்னதை நினைவூட்டாது.

அகநானூற்றின் 102ஆம் பாடல் இங்கு நினைக்கத்தக்கது. மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார் பாடிய அப்பாட்டில், தினைப்புனக் காவலன் கள்ளுண்டு பரண்மேல் கிடக்க, அவன் மனைவி குறிஞ்சி பாடுகிறாள். தினை கவர வந்த யானை கதிரை உண்ணவும் இல்லை, நின்ற இடத்தைவிட்டுப் பெயரவும் இல்லை, உறங்கிப்போகிறது. சொல் அறியாத கேட்போன் ஒருவனைத் தமிழ் இலக்கியம் காட்டும் இடம் இது. யானைக்கு என்ன காட்சி தோன்றிற்று என்று புலவர் கூறவில்லை. கூறாமல் விட்டதே அறிவுடைமை எனலாம்.

ராக் இசையும் அயல்மொழிக் கேட்போரும்

சொல் விளங்காமல் கேட்கும் பழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் பெருகியது. அதற்கு முதற்காரணம் ராக் இசை. ஆங்கிலம் அறியாதவரும், அறிந்தும் பாடகரின் உச்சரிப்பைப் பின்தொடர இயலாதவரும் இசைத்தட்டுகளிலும் ஒலிநாடாக்களிலும் அதனைக் கேட்டனர். கேரளத்தில் கொச்சி இதற்கொரு மையம். 1970களின் பிற்பகுதியில் அங்குத் தோன்றிய 13 ஏ.டி. என்னும் குழு ஆங்கிலத்திலேயே பாடியது. 2008இல் தன் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்ட அவியல் குழு மலையாளத்தில் பாடத் தலைப்பட்டபோது, கேட்டுப் பழகிய ஓசைக்குள் விளங்கும் சொல் வந்து அமர்ந்தது.

சொல் விளங்காத இடத்தில் காட்சியைத் தந்தது பெரும்பாலும் உறையோவியம். பிங்க் ஃபிளாய்டு குழுவின் 1973ஆம் ஆண்டுத் தொகுப்பான ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ உறையில் முப்பட்டகக் கண்ணாடி ஒன்று வெள்ளொளியை நிறங்களாகப் பிரிக்கிறது. ஹிப்னோசிஸ் என்னும் வடிவமைப்பு நிறுவனம் அதை உருவாக்கியது. பாடல்களில் எங்கும் முப்பட்டகம் இல்லை. ஆயினும் அவற்றைக் கேட்கும் பலர் மனத்தில் முதலில் எழுவது அதுவே. 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி ஒளிபரப்புத் தொடங்கியபின் இக்காட்சி அசையும் படமாயிற்று. பாட்டுக்கு ஒரு படம் என்று ஆனபோது, கேட்பவரே படைத்துக்கொள்ளும் உரிமை குறைந்தது என்ற குறையும் உடன் எழுந்தது.

சொல்லும் படமும் இல்லாத வெற்றிசைக்கு எழும் காட்சி எத்தகையது என்பதை எலிசபெத் மார்குலிஸ் குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா, மிச்சிகன் மாநிலங்களிலும் சீனாவின் டிமென் என்னும் சிற்றூரிலும் ஒரே இசைத்துண்டுகளைக் கேட்கச் செய்து, கேட்டவர் கற்பனை செய்த கதைகளை அவர்கள் தொகுத்தனர். ஆர்கன்சாவும் மிச்சிகனும் தம்முள் பெரிதும் ஒத்தன, டிமென் வேறுபட்டது. ஓர் இசைத்துண்டுக்கு அமெரிக்கர் காட்டின்மீது கதிரவன் எழுவதையும் விலங்குகள் விழிப்பதையும் கண்டனர். டிமென் மக்களோ மலைமேல் ஒருவன் இலையை ஊதித் தன் காதலிக்குப் பாட்டிசைப்பதைக் கண்டனர். குறிஞ்சித்திணை பயின்ற தமிழ் மாணவர் டிமென் மக்களின் பக்கமே நிற்பர் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரே பண்பாட்டில் வளர்ந்தவரிடையே காட்சி பொதுவானது. பண்பாட்டு எல்லை கடந்தால் மாறுவது. மனக்காட்சி தனியொருவருடையது என்று நாம் கருதினும், அதன் பெரும்பகுதி கேட்பவர் பிறந்து வளர்ந்த கூட்டத்தின் வரலாற்றைச் சேர்ந்ததாகும்.

அட்டப்பாடிப் பாடல்

அட்டப்பாடி ஏறத்தாழ 745 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அகளி, புதூர், சோலையூர் என்னும் மூன்று ஊராட்சிகளைக் கொண்டது. இருளர், முதுகர், குறும்பர் ஆகியோர் இதன் பழங்குடிகள். இவருள் இருளரே மிகுதி. மேற்கே அமைதிப் பள்ளத்தாக்கை ஒட்டிய மழைக்காடு. கிழக்கே கோயம்புத்தூரை நோக்கிய மழைமறைவுப் பகுதி. கேரளத்தின் ஆறுகள் பெரும்பாலும் மேற்கே ஓட, இங்குள்ள பவானி கிழக்கே ஓடித் தமிழகம் சேர்கிறது. பாட்டில் திசைகளே முதன்மை பெறுவதால் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

நஞ்சியம்மா நக்குப்பதி பிரிவு ஊரைச் சேர்ந்தவர். ஆடு மாடு மேய்த்து வாழ்ந்தவர். சச்சி இயக்கி 2020 பிப்ரவரியில் வெளிவந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் ஜேக்ஸ் பிஜாய் இசையில் ‘களக்காத்த’ எனத் தொடங்கும் தலைப்புப் பாடலை அவர் பாடினார். பாடலாசிரியராகவும் அவர் பெயரே குறிக்கப்பட்டது. இருளரின் ஆட்டப்பாட்டுக்குத் தவில், பொறை, கொகல் என்னும் குழல், ஜாலரா ஆகியவை துணைக்கருவிகள். படத்தில் நிகழ்கால இசைக்கோவை இவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டு குரலைத் தாங்குகிறது.

பாட்டின் பொருள் மிக எளியது. கிழக்கே சந்தனமரம் பூத்திருக்கிறது. பூப்பறிக்கப் போவோமா, விமானத்தைப் பார்ப்போமா என்று கேட்கிறது. பின்னர்த் தெற்கு, வடக்கு, மேற்கு எனத் திசைதோறும் ஒரு மரத்தைச் சுட்டி அதே வினாக்களைத் தொடுக்கிறது. தாய் குழந்தைக்கு வேடிக்கை காட்டும் பாட்டு என்று இதற்கு விளக்கம் கூறப்படுகிறது. காட்சியை எழுப்புவதே இப்பாட்டின் தொழில். குழந்தையின் முகத்தைத் திசைதோறும் திருப்பி, ஒவ்வொரு திசைக்கும் ஒரு மரத்தை மனத்தில் நட்டுவைக்கிறது. ஊரில் வளரும் குழந்தைக்கு அம்மரங்கள் கண்ணெதிரே இருப்பவை. சந்தனம் வறண்ட நிலத்து மரம். அட்டப்பாடியின் கிழக்குச் சரிவுக்கு இயல்பானது. திணையிலக்கணம் கூறும் நிலமும் மரமும் பாட்டும் ஒன்றாதல் இங்கு உயிரோடு காணக்கிடக்கிறது.

மூவகைக் கேட்போர்

இப்பாட்டைக் கேட்டோரை மூவகையினராகக் கொள்ளலாம். சொல்லும் இடமும் அறிந்த இருளர் முதல்வகை. தமிழர் இரண்டாம் வகை. இருளமொழி தமிழுக்கு நெருங்கிய தென்திராவிட மொழி என்பதைக் கமில் சுவெலபில் 1973க்கும் 1982க்கும் இடையே மூன்று பகுதிகளாக வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டியது. ஆதலின் தமிழர் செவியில் சந்தனம், பூ, விமானம் என்று சொற்கள் ஆங்காங்கே மின்னி மறையும். இடையிலுள்ளவை ஓசையாகவே நிற்கும். பாதி விளங்கும் இந்நிலையே மிகவும் ஏமாற்றவல்லது. விளங்கிய சொற்களைக் கொண்டு விளங்காதவற்றையும் நாமே நிரப்பிக்கொள்கிறோம். சந்தனமும் பூவும் நமக்குத் திருமணத்தையும் கோயிலையும் நினைவூட்டுபவை. இருளர் பாட்டிலோ சந்தனம் பூசும் பொருளாக வரவில்லை. நிற்கும் மரமாக வருகிறது.

ஏனையோர் மூன்றாம் வகை. இவர்களுக்குக் கிடைத்தவை ஒரு முதிய பெண்ணின் குரலும், தாளமும், ‘அட்டப்பாடி’ என்ற பெயரும் மட்டுமே. அப்பெயர் அவர்கள் மனத்தில் ஏற்கெனவே சில படங்களோடு பிணைந்திருந்தது. 2013இல் ஊட்டக்குறைவால் நேர்ந்த பச்சிளங் குழந்தைகளின் சாவு. 2018 பிப்ரவரி 22 அன்று உணவுப்பொருள் திருடினார் என்று கூறி அடித்துக் கொல்லப்பட்ட மது என்னும் பழங்குடி இளைஞரின் முகம். இவற்றுக்கு அடியில், பள்ளிப் பாடநூல்களும் திரைப்படங்களும் பதித்த ‘காட்டுமனிதர்’ உருவம். பாட்டு இவற்றுள் கடைசியானதையே எழுப்பியது. ‘காட்டின் குரல்’, ‘கலப்பற்ற குரல்’, ‘தொன்மையின் குரல்’ என்னும் பாராட்டுகள் கேரள இதழ்களிலும் தமிழ் இதழ்களிலும் நிறைந்தன. இவற்றைப் பாராட்டியோரின் நன்மனத்தில் ஐயமில்லை. ஆயினும் அவர்கள் கண்ட காட்சியில் காலம் இல்லை.

பாட்டிலோ காலம் இருக்கிறது. விமானம் பறக்கும் பாட்டு தொன்மையானதாக இருக்க இயலாது. கோவையின் பீளமேட்டு விமானத்தளம் தொடங்கியது 1940இல். அட்டப்பாடிக்கு அது கிழக்கே உள்ளது. இப்பாட்டோ அதன் இவ்வடியோ இருபதாம் நூற்றாண்டில், தலைக்கு மேல் விமானம் பறப்பதைக் கண்ட ஒருவர் கட்டியதாகவே இருத்தல் வேண்டும். சந்தன மரத்தையும் விமானத்தையும் ஒரே மூச்சில் குழந்தைக்குக் காட்டும் தாய்க்கு இரண்டும் வேடிக்கைதான். பழையது, புதியது என்ற பிரிவு அவளுக்கு இல்லை. அப்பிரிவைப் போட்டவர்கள் கேட்டவர்கள். ‘விமானம்’ என்ற சொல் தமிழருக்கும் மலையாளிகளுக்கும் ஒருங்கே விளங்கும் சொல் என்பதையும் மறத்தலாகாது. விளங்கிய அச்சொல்லையும் கேட்டும் கேளாராயினர் என்பதே வியப்பு. தன்னோடு பொருந்தாததை மனக்காட்சி செவியிலிருந்தே விலக்கிவிடுகிறது போலும்.

விருதும் விவாதமும்

68ஆம் தேசியத் திரைப்பட விருதுகள் 2022 ஜூலை 22 அன்று அறிவிக்கப்பட்டன. சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருது நஞ்சியம்மாவுக்குக் கிடைத்தது. சிறந்த இயக்குநர் விருது சச்சிக்கு. அவர் 2020 ஜூன் 18 அன்றே மறைந்துவிட்டார். முறையான இசைப்பயிற்சி பெறாதவருக்கு இவ்விருது தகுமா என்று இசைத்துறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. இசையமைப்பாளர் பலர் நஞ்சியம்மாவின் சார்பில் நின்று மறுத்தனர். கூர்ந்து நோக்கின் இருசாராரும் ஒரே மனக்காட்சியையே கண்டனர் எனத் தோன்றுகிறது. எதிர்த்தவர் பயிற்சியற்ற குரல் என்றனர். ஆதரித்தவர் இயற்கையான குரல் என்றனர். ஊர் விழாக்களிலும் சடங்குகளிலும் பாடிப்பாடிப் பெற்றதும் ஒரு பயிற்சியே என்பது அவ்விவாதத்தில் உரிய அழுத்தம் பெறவில்லை.

இப்படம் ‘பீம்லா நாயக்’ என்னும் பெயரில் தெலுங்கில் 2022 பிப்ரவரியில் வெளிவந்தது. அதன் தலைப்புப் பாடலின் தொடக்கத்தில் கின்னேரா மொகுலய்யாவின் குரல் ஒலிக்கிறது. அவர் தெலங்கானாவின் கின்னேரா இசைக்கலைஞர். அவ்வாண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர். அட்டப்பாடியின் திசையும் மரமும் அங்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது ‘மண்ணின் குரல்’ என்று கேட்போர் உடனே அறிந்துகொள்ளும் ஒரு குரல் மட்டுமே. ஒரு நிலத்தின் குரலை மற்றொரு நிலத்தின் குரலால் இவ்வாறு ஈடுசெய்ய முடிந்ததெனில், அயலார் கேட்டது குறிப்பிட்ட நிலத்தை அன்று என்பது தெளிவு.

திசையும் எல்லையும்

குறிப்பிட்ட நிலம் என்பது அட்டப்பாடியில் வெறும் அழகியல் செய்தியன்று. 1951இல் இங்கு மக்கள்தொகையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பழங்குடியினர். 2001இல் பாதிக்கும் குறைவு. கோவைப் பக்கத்திலிருந்தும் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்தும் குடியேறியோர் கைக்கு நிலம் மாறியது. பழங்குடியினர் இழந்த நிலத்தை மீட்டளிக்கக் கேரள அரசு 1975இல் சட்டம் இயற்றியும் அது பல்லாண்டுகள் செயலுக்கு வரவில்லை. 1999இல் வந்த மாற்றுச் சட்டம் இரண்டு ஹெக்டேர் வரையிலான கைமாற்றங்களை நிலைநிறுத்தி, இழந்தவர்க்கு வேறிடத்தில் நிலம் தருவதாகக் கூறியது. மரத்தைத் திசையால் அறிபவர்க்கு வேறிடத்து நிலம் ஈடாகுமா என்பதைச் சட்டம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பத்திரங்களில் ஒரு நிலத்தைக் குறிக்க நான்கெல்லை எழுதுவது நம் வழக்கம்: இன்னதற்குக் கிழக்கு, இன்னதற்கு மேற்கு என்று. நஞ்சியம்மாவின் பாட்டும் நான்கு திசைக்கும் மரம் சொல்லி ஓர் இடத்தை வரைகிறது. நடுவில் நிற்பவர் எவரென்று மட்டும் சொல்லவில்லை. குழந்தைக்கு அது தெரியும். அகளியில் தம் கணவரின் குடும்பத்துக்கு உரியது என்று அவர் கூறும் நிலம் பிறர் கைக்குப் போனது தொடர்பான வழக்கு, விருதுக்குப் பிந்தைய ஆண்டுகளில் செய்தித்தாள்களிலும் கேரளச் சட்டப்பேரவையிலும் பேசப்பட்டது. பாட்டைக் கோடிக்கணக்கானோர் கேட்டனர். அந்நிலத்தில் ஏர் பூட்டச் சென்ற பாடகி தடுக்கப்பட்ட செய்தியும் அவர்களுட் பலர் படித்ததே. இரண்டையும் ஒரே காட்சியாகக் கண்டோர் மிகச் சிலர்.