தேசிய இதழாளர் சங்கம் (பிரிட்டன், அயர்லாந்து)

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பணிபுரியும் இதழாளர்களின் தொழிற்சங்கம். 1907இல் பர்மிங்காமில் தோன்றியது. 1890இல் அரச சாசனம் பெற்ற இதழாளர் கழகம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் பத்திரிகை உரிமையாளர்களும் அதில் உறுப்பினர்கள் என்பதால், கூலிக்கும் வேலைநேரத்துக்கும் அங்கே குரல் எழுப்ப வழியில்லை. சாதாரணச் செய்தியாளர்கள் தனியே திரண்டதற்கு அதுவே காரணம்.

நிருபர், துணை ஆசிரியர், ஒளிப்படக்காரர், மக்கள் தொடர்பு அலுவலர் எனப் பலரும் சேரலாம். தனித்தொழில் செய்வோருக்கும் மாணவர்களுக்கும் இடமுண்டு. சந்தா வருமானத்துக்கேற்ப மாறும். பணியிடக் கிளைக்கு அச்சுத் தொழிலாளர் மரபிலிருந்து வந்த ‘சேப்பல்’ என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. தகுதியுள்ள உறுப்பினர் சங்கத்தின் வழியாகவே செய்தியாளர் அட்டை பெறலாம். சட்ட உதவியும் கிடைக்கும்.

எனினும் இச்சங்கத்தின் பெரும்பங்களிப்பு 1936இல் வகுத்த நடத்தை நெறியே. சேரும் ஒவ்வொருவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். தகவல் தந்தவரின் அடையாளத்தைக் காப்பது அதன் உயிர்நாடி. நெறிக்கு மாறான வேலையை மறுக்கும் இதழாளரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்ற மனச்சாட்சி விதியை ஒப்பந்தங்களில் சேர்க்கச் சங்கம் நெடுங்காலம் போராடியது. பிரிட்டிஷ் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்து 2012இல் வெளிவந்த லெவசன் விசாரணை அறிக்கையும் அக்கோரிக்கையை ஆதரித்தது.