மலையில் ஒலித்ததும் தட்டில் பதிந்ததும்

டிசம்பர் பிறந்துவிட்டால் அட்டன் நகரத்துக் கடைத்தெருவில் நத்தார் பாடல்கள் ஒலிக்கத் தொடங்கிவிடும். வெண்பனி பொழியும் நத்தாரை எண்ணி ஏங்கும் ஆங்கிலப் பாடல் அவற்றுள் முதலிடம் பெறுவது. பள்ளி ஆசிரியர் அறையிலும் அந்நாட்களில் ஒரு விவாதம் எழுவதுண்டு. இன்ன பாடலை இன்னார் பாடிய இசைத்தட்டே சிறந்தது என்பார் ஒருவர். இல்லை, மற்றவர் பாடியதே உள்ளத்தை உருக்குவது என்பார் இன்னொருவர். இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு பாடலின் எந்த வடிவம் தட்டில் பதிந்தது, எது பதியாமற் போயிற்று என்ற வினாவுக்குள் ஒரு சரித்திரமே அடங்கியிருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் நமது மலையகத்துக்கும் பங்குண்டு.

முதலில் அந்த வெண்பனிப் பாடலையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் வெண்பனி பொழிவதில்லை. நுவரெலியாவில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையிலான சில இரவுகளில் தரையில் உறைபனி படிவதுண்டு. மறுநாட் காலையில் வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும். கொழுந்து கருகினால் வேலை குறையும். வேலை குறைந்தால் செக்றோலில் விழும் 'பேர்' குறையும். பாட்டில் வரும் வெண்மை ஒருவருக்கு இன்ப நினைவு. தோட்டத் தொழிலாளிக்கோ அது கூலியிழப்பு.

ஆனால், இப்பாடலைப் பணக்கார வர்க்கத்தின் கனவு என்று ஒதுக்கிவிடுதலும் சரியன்று. இதை இயற்றிய இர்விங் பெர்லின், 1888இல் ரஷ்யப் பேரரசில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர். பாடலின் தொடக்கத்தில் அவர் ஒரு முன்னுரைப் பகுதியை எழுதியிருந்தார். கலிபோர்னியாவின் வெயிலிலே, பனைமரங்களுக்கும் ஆரஞ்சு மரங்களுக்கும் நடுவே இருந்துகொண்டு, வடக்கின் குளிரை நினைத்து ஒருவர் ஏங்குவதாக அப்பகுதி அமைந்தது. பிங் கிராஸ்பி 1942இல் பாடிய இசைத்தட்டில் அது இல்லை. அத்தட்டு பெருவெற்றி பெறவே, பெர்லின் அச்சுப் பிரதியிலிருந்தும் அதை நீக்கச் செய்தார். ஊரை விட்டுத் தூரத்தே இருப்பவனின் ஏக்கம் என்ற விளக்கம் மறைந்து, பனியின் அழகு மட்டும் எஞ்சியது. உலகப் போரின்போது கடல் கடந்து நின்ற படைவீரர்கள் அப்பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்றால், மறைந்த அந்த விளக்கத்தை அவர்கள் தம் நெஞ்சால் உணர்ந்துகொண்டார்கள் என்றே கொள்ளவேண்டும்.

இன்று நாம் பெரும்பாலும் கேட்பது அந்த 1942ஆம் ஆண்டுப் பதிவும் அன்று. ஓயாது தட்டுகள் அச்சிட்டதனால் மூலப் பதிவு தேய்ந்துபோக, 1947 மார்ச்சில் கிராஸ்பி அதே இசைக்குழுவோடு மீண்டும் பாடினார். 'அசல்' என்று நாம் போற்றுவது பெரும்பாலும் இரண்டாம் பதிவே. இசைத்தட்டு என்பது காலத்தை அப்படியே உறையவைத்த சாட்சி என்று எண்ணுவோர் இதைக் கவனித்தல் நலம். அதுவும் ஓர் உற்பத்திப் பொருள்; தொழிற்சாலையின் தேவைகளுக்கு உட்பட்டது.

அந்த உற்பத்தியின் கதையும் நமக்கு அந்நியமானதன்று. பழைய 78 சுழற்சித் தட்டுகளுக்கு அரக்கு இன்றியமையாதது. சோட்டா நாகபுரிக் காடுகளில் ஆதிவாசி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சேகரித்த அரக்கு உலகச் சந்தைக்கெல்லாம் சென்றது. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் கிராமபோன் கம்பெனி தட்டு அச்சிடும் ஆலையை நிறுவிற்று. துரை பங்களாவின் வரவேற்பறையில் நத்தார் இரவில் சுழன்ற தட்டில் ஆதிவாசியின் உழைப்பு இருந்தது. அதை வாங்கிய பணத்தில் கொழுந்து கொய்தவளின் உழைப்பு இருந்தது. பாட்டைக் கேட்கும் உரிமை மட்டும் இருவருக்கும் இருக்கவில்லை.

பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். நீண்ட பாடல்கள் அதற்குள் அடங்குவதற்காக வெட்டப்பட்டன. எந்த அடிகளை வெட்டுவது என்ற தீர்மானம் எப்போதும் காலக்கணக்கால் மட்டும் நிகழ்ந்ததன்று. 'புனித இரவு' என்ற புகழ்பெற்ற பாடல் இதற்கு நல்ல சான்று. 1847இல் பிரெஞ்சு நாட்டு மது வணிகர் பிளாசிட் கப்போ எழுதிய கவிதைக்கு அடோல்ஃப் ஆடம் இசையமைத்தார். இறுதிப் பகுதியில், நேற்று அடிமையாக நின்றவன் இன்று சகோதரன் என்றும், தளைகள் அறுபடும் என்றும் பொருள்பட அக்கவிதை பேசுகிறது. அமெரிக்காவில் அடிமை முறை இன்னும் சட்டபூர்வமாக இருந்த 1855இல், அதனை வெறுத்த ஜான் சல்லிவன் டுவைட் இதை ஆங்கிலமாக்கினார். மாபெரும் பாடகர் கரூசோ 1916இல் பிரெஞ்சு மூலத்தைத் தட்டில் பாடினார். ஆனால், பின்னர் வந்த எண்ணற்ற ஆங்கிலப் பதிவுகள் முதற் பகுதியோடு நின்றுவிடுகின்றன. விண்மீன்கள் மின்னுகின்றன, தளைகள் அறுபடுவது மட்டும் கேட்பதில்லை.

விடுபட்ட அவ்வடிகள் நமது மலைகளில் பாடப்பட்டிருக்க வேண்டியவை. 1830களில் பிரித்தானிய மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலை பெற்றபின் அங்கே கோப்பி உற்பத்தி வீழ்ந்தது. அந்த இடத்தை நிரப்பவே இலங்கையின் மலைகள் கோப்பித் தோட்டங்களாயின. அடிமைக்குப் பதிலாகத் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணியின் கடனுக்குக் கட்டுண்ட கூலி மக்கள் வந்தனர். 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்தபோது தேயிலை வந்தது; கடன் மட்டும் போகவில்லை. பட்ட கடனோடு தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய 'துண்டு' முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிந்தது.

இத்தகைய சமுதாயத்துக்குள்தான் நத்தார் வந்து சேர்ந்தது. 'நத்தார்' என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது. ஆங்கிலேயத் துரைமாருக்காக நுவரெலியாவில் திருத்துவ ஆலயம் 1852இல் எழுந்தது. இரண்டாண்டு கழித்து, 1854இல், தோட்டத் தமிழரிடையே சமயப் பணி புரிய 'தமிழ்க் கூலி மிஷன்' தோன்றியது. தோட்ட முதலாளிமாரும் அதற்குப் பொருளுதவி செய்தனர். மனிதர் யாவரும் கடவுளின் மக்கள் என்று போதிக்க வந்த ஸ்தாபனத்தின் பெயரிலேயே 'கூலி' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருந்ததை நாம் மறப்பதற்கில்லை. பிற்காலத்தில் அச்சொல் நீக்கப்பட்டது.

தோட்ட மக்களிற் பெரும்பாலோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் வழிபட்டோர், கிறிஸ்தவர் சிறுபான்மையினர். அவர்கள் கடல் கடந்து வந்தபோது வெறுங்கையோடு வரவில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் கர்நாடக இசையிலும் நாட்டார் மெட்டிலும் வளர்த்த கிறிஸ்தவக் கீர்த்தனை மரபு தமிழகத்துச் சபைகளில் வேரூன்றியிருந்தது. அந்த மரபும் முரண்பாடற்றதன்று. சாஸ்திரியார் சபைக்குள் சாதி வேற்றுமையை நியாயப்படுத்தி வாதிட்டவர். ஆயினும், பாடல் ஒருமுறை மக்களின் நாவில் ஏறிவிட்டால் இயற்றியவரின் வேலிக்குள் அது நிற்பதில்லை. பிரசவத்துக்கு இடமின்றி மாட்டுக் கொட்டிலில் ஒதுங்கிய தாயின் கதையை, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் முழுக் குடும்பமும் முடங்கிய லயத்து மக்களுக்கு எந்தப் போதகரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த லயத்துக் குரல்கள் ஏன் தட்டில் ஏறவில்லை? கருவியின் குறை என்று சிலர் கூறக்கூடும். அது பொருந்தாது. 1902இலேயே கிராமபோன் கம்பெனியார் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பாடகரின் குரலைப் பதிந்தனர். 1925 மார்ச்சில் நியூயோர்க்கின் மெட்ரோபாலிட்டன் இசையரங்கில், மின்னொலிப் பதிவின் ஆற்றலைக் காட்டும்பொருட்டு ஒரு பழைய இலத்தீன் நத்தார்ப் பாடலைப் பதிந்தபோது, மேடையிலிருந்த பாடகரும் அவையிலிருந்தோருமாக 4,850 குரல்கள் அத்தட்டில் ஏறியதாக அறிவிக்கப்பட்டது. ஆக, அவ்வாண்டிலேயே பெருங்கூட்டத்தின் குரலைக் கேட்கும் செவி இயந்திரத்துக்கு வாய்த்துவிட்டது. அதே 1925 டிசம்பரில் கொழும்பு வானொலியும் ஒலிபரப்பைத் தொடங்கியது. வாங்குவோர் உள்ள இடத்துக்கே பதிவுக்காரன் போவான். நாட்கூலியில் வாழ்பவன் வாங்குவோர் பட்டியலில் இல்லை. காரணம் இதுவே.

இந்த விதியை மீறிய ஒரு பாடல் உண்டு. என்னிடம் கேட்டால், நத்தார்ப் பதிவுகளில் அதற்கே முதலிடம் தருவேன். மலைமீது ஏறி நற்செய்தியைச் சொல் என்று பொருள்படும் அந்தப் பாடல், அமெரிக்காவின் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாயிருந்த நீக்ரோ மக்களின் மரபில் தோன்றியது, இயற்றியவர் பெயரில்லை. விடுதலை பெற்ற அம்மக்களுக்காக 1866இல் நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் என்ற கல்லூரி எழுந்தது. பணமின்றி அது மூடப்படும் நிலை வந்தபோது, 1871இல் ஒன்பது மாணவர் கொண்ட குழுவொன்று ஊர் ஊராகச் சென்று தம் பெற்றோரின் பாடல்களைப் பாடி நிதி திரட்டியது. பின்னர் அக்கல்லூரியில் இலத்தீனும் சரித்திரமும் கற்பித்த ஜான் வெஸ்லி வொர்க் என்ற ஆசிரியர், தம் சகோதரரோடு சேர்ந்து இத்தகைய பாடல்களைத் திரட்டி அச்சேற்றினார். 1909இல் அவரது தலைமையிலேயே ஃபிஸ்க் நால்வர் குழு இசைத்தட்டில் பாடிற்று. கம்பெனி தேடி வரவில்லை. ஆசிரியரும் மாணவரும் முதலில் தேடினர்.

மலைமீது சொல்லும் அப்பாடலை மஹாலியா ஜாக்சன் 1950இல் பாடிய பதிவு ஆழ்ந்த அழகுடையது. ஆயினும், அதற்கும் மேலாக நான் வைப்பது ஃபானி லூ ஹேமர் பாடியதை. அவர் தொழில்முறைப் பாடகி அல்லர். மிஸிஸிப்பி மாநிலத்துத் தோட்டமொன்றில் உழைத்தவர். 1962இல் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்ற குற்றத்துக்காகத் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர். குடியுரிமைப் போராட்டக் கூட்டங்களில் அவர் இப்பாடலைப் பாடும்போது, குழந்தை பிறந்த செய்தியோடு, என் மக்களைப் போகவிடு என்று மோசே பார்வோனிடம் கேட்ட கோரிக்கையையும் இணைத்தார். கூடியிருந்தோரின் கைதட்டலோடு அது பதிவாகியிருக்கிறது. பிறர் அடிகளை வெட்டிய இடத்தில் ஹேமர் அடிகளைச் சேர்த்தார்.

வாக்குரிமை இழந்த தோட்டத் தொழிலாளி! இந்த வருணனை நமக்கு எவ்வளவு நெருக்கமானது! 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக, வாக்கற்றோராக ஆக்கின. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஒரே லயத்தில் சேர்ந்து பாடியவர்களில் ஒரு பாதி தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரித் தோட்டங்களுக்குப் போயிற்று.

அம்மக்களிடையே பாடுவோர் இல்லாமலில்லை. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை 1930களிலும் 1940களிலும் தொழிலாளர் கூட்டங்களில் தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். நமக்கு எஞ்சியிருப்பது அவற்றின் அச்சிட்ட சொற்களே. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற ஸி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் செய்த பணியை நத்தார்ப் பாடல்கள் விஷயத்திலும் விரிவாகச் செய்தல் வேண்டும்.

காலையில் பிரட்டுக்கு அழைத்த தப்பின் ஓசையை நினைவில் வைத்திருப்போர், லயம் லயமாகச் சென்று நத்தார் இரவில் பாடியோர், இன்று முதுமையில் இருக்கின்றனர். அவர்கள் பாடிய கீர்த்தனைகளின் மெட்டு எங்ஙனம் மாறியது, எந்த அடி கூடியது, எந்த அடி குறைந்தது என்பதை ஏடுகளில் காணமுடியாது, அவர்களிடமே கேட்கவேண்டும். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொரு மாணவனின் சட்டைப் பையிலும் கைத்தொலைபேசியாக இருக்கிறது. அரக்குக்கும் கம்பெனிக்கும் காத்திருக்க வேண்டிய காலம் போயிற்று.

ஆசிரியத் தோழர்களே! இவ்வாண்டு பள்ளியில் ஒளிவிழா நடத்தும்போது, மேடையில் ஒலிக்கும் பாடல்களோடு மாணவர்க்கு ஒரு சிறு வேலையும் கொடுங்கள். சைவரோ கிறிஸ்தவரோ, அவரவர் லயத்து மூத்தோரிடம் சென்று, மார்கழிக் குளிரில் அவர்கள் பாடியதைப் பாடச் சொல்லிப் பதிந்து, பெயரும் தோட்டமும் ஆண்டும் குறித்து வரட்டும். பிறகு நாமும் ஆசிரியர் அறையில் அமர்ந்து, எந்தப் பதிவு சிறந்தது என்று விவாதிப்போம். அந்த விவாதத்தில் கிராஸ்பியும் இருக்கட்டும். மஹாலியாவும் ஹேமரும் இருக்கட்டும். டிக்கோயாவிலும் மஸ்கெலியாவிலும் நாற்பதாண்டு கொழுந்து கொய்த நமது பாட்டிமாரும் இருக்கட்டும்.