ஸ்டெபிலோகொக்கஸ்
கற்பிட்டியில் வலைக்கயிறு அறுத்த கை சீழ் பிடித்தால், ஆய்வுகூட அறிக்கையில் இந்தப் பெயர் வரலாம். கிரேக்கத்தில் ‘ஸ்டாபிலே’ திராட்சைக் குலை. ‘கொக்கொஸ்’ மணி, வித்து. வித்தென்று நினைத்த சிவப்புச் சாயப் பூச்சிக்கும் ஒருகாலத்தில் அதே சொல்தான் வழங்கியது. 1880இல் சீழை நுணுக்குக்காட்டியில் பார்த்த ஸ்கொட்லாந்து சத்திரசிகிச்சை நிபுணர் அலெக்சாண்டர் ஒக்ஸ்டன், குலைகுலையாய்த் திரண்ட உருண்டைக் கிருமிகளுக்கு 1882இல் இந்தப் பெயரைச் சூட்டினார். அறிக்கையில் பின்னொட்டாக வரும் ‘ஓரியஸ்’ என்றால் பொன்னிறம். வளர்ப்புத் தட்டில் தெரியும் நிறம் அது. நான் ‘குலைமணி’ என்பேன். தென்னங்குலையும் நெல்மணியும் அறிந்த ஊரில் விளக்கம் வேண்டாம். இன்னொன்று: ‘உடம்புக்கு மருந்து பழகிவிட்டது’ என்கிறோமே, அது தவறு. பழகியது கிருமி. மெத்திசிலின் என்ற மருந்துக்கு அடங்காத குலைமணி 1961இலேயே இங்கிலாந்தில் பதிவானது. நோயாளிகளிடம் எடுத்த கிருமியின் மரபணுவைப் படித்தே அது நஞ்சு சுரக்கும் இனமா, யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியிருக்கலாம் என்று இன்று தடம் பிடிக்கிறார்கள்.