தென்கடலுக்கு வந்த முதிய கப்பல்கள்

செங்கல் கிராமத்திலிருந்து புறப்பட்டு, நெய்யாறு கடலோடு கலக்கும் பூவார்க் கரையில் நின்று தெற்கே நோக்குவோர்க்கு வெறும் நீலமாகவே தோன்றும் இந்த மகா சமுத்திரத்தில்தான், 1942 ஏப்ரலில் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் கீழ்த்திசைக் கடற்படை எதிரியின் கண்ணுக்கு மறைந்து சஞ்சரித்தது. அதிலிருந்த ரெஸல்யூஷன், ராமிலீஸ், ராயல் ஸாவரின், ரிவெஞ்ச் ஆகிய நான்கு போர்க்கப்பல்களும் முதல் உலக யுத்த காலத்தில் முடிக்கப்பட்ட ஒரே வகுப்பைச் சார்ந்தவை. நிலக்கரியையே பிரதானமாகக் கொண்டு வரையப்பட்ட அவற்றை, கட்டுமானம் நடக்கும்போதே முற்றிலும் எண்ணெய்க்கு மாற்றச் செய்தவர் அட்மிரல் ஃபிஷர். ஒவ்வொன்றிலும் 15 அங்குலப் பீரங்கிகள் எட்டு. வேகமோ மணிக்கு ஏறத்தாழ 21 கடல் மைல்தான். ஏப்ரல் 5-இல் கொழும்பையும் 9-இல் திருகோணமலையையும் தாக்கி, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கியை மூழ்கடித்த ஜப்பானிய விமானங்களுக்கு முன் இவை நின்றிருந்தால், ஆயிரக்கணக்கான மாலுமிகள் வீணே மாண்டிருப்பர். ஆகவே இவற்றை ஆப்பிரிக்காவின் கிலிண்டினித் துறைமுகத்துக்கு அனுப்பிய, அக்கடற்படையின் தளபதி ஸாமர்வில்லின் முடிவைக் கோழைத்தனமென்று நான் கொள்ளேன். மே 30-இல் மடகாஸ்கரில் சிறு நீர்மூழ்கியின் டார்பிடோவால் புண்பட்ட ராமிலீஸ், செப்பனிடப்பெற்று, 1944 ஜூன் 6-இல் நார்மண்டிக் கரையின் மீது குண்டு பொழிந்தது.