துருப்புச் சீட்டும் ஆரூடச் சீட்டும்

சீட்டாட்டத்தில் 'துருப்பு' என்கிறோமே, அந்தச் சொல் நம்முடையது அல்ல. டச்சுக்காரர்களுடையது. அதன் வம்சத்தைத் தேடிக்கொண்டு போனால், பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலியப் பிரபுக்கள் பொழுதுபோக்காக ஆடிய ஓர் ஆட்டத்தின் வெற்றிச் சீட்டுகளில் போய் நிற்கும். சக்கரவர்த்தி, சந்திரன், சூரியன், தலைகீழாகத் தொங்குகிறவன் என்று படம் எழுதிய சீட்டுகள். அந்தப் படச் சீட்டுகள் 22, சாதாரணச் சீட்டுகள் 56, ஆக 78 கொண்ட கட்டைத்தான் இன்று 'டாரட்' என்று பட்டுத் துணியில் சுற்றி வைத்து, பயபக்தியோடு எதிர்காலம் கேட்கிறார்கள்.

இந்த விஷயத்தைக் காரைக்காலில் இருந்துகொண்டு யோசிப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. தெற்கே நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரர். வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் டேனிஷ்காரர். நடுவே 1739-ல் பிரெஞ்சுக்காரர் வந்து, 1954 நவம்பர் வரையில் இருந்து போனார்கள். அவர்கள் வந்த காலத்தில், அவர்கள் தேசத்தில் 'தாரோ' (கடைசி எழுத்து பிரெஞ்சு வாயில் ஒலிக்காது) வெறும் சூதாட்டச் சரக்கு. மார்செய் நகரத்தில் அச்சடித்து விற்றார்கள்.

அதற்கு மகிமை பிறந்தது 1781-ல். கூர் து ஜெபலேன் என்ற பண்டிதர் ஒரு சீமாட்டியின் வீட்டில் இந்த ஆட்டத்தைப் பார்த்தார். கால் மணி நேரத்துக்குள், "இது எகிப்தியக் குருமார்களின் ரகசிய ஞானம்" என்று தீர்ப்புச் சொல்லி, அதைப் புத்தகத்திலும் ஏற்றிவிட்டார். எகிப்திய எழுத்தை வாசிக்க ஷாம்போலியன் வழி கண்டதோ 1822-ல்! சாட்சி வாய் திறப்பதற்கு 41 வருஷம் முந்தியே தீர்ப்பு ஆகிவிட்டது. நம்மவர்கள் எதற்கெடுத்தாலும் அகஸ்தியரைச் சாட்சிக்கு இழுப்பதில்லையா, அதைப் போல.

பாரிஸில் அலியெத் என்று ஒருவர் இருந்தார். தம் பெயரைத் திருப்பிப் போட்டு 'எத்தெய்லா' ஆனவர். 1770-லேயே சாதாரணச் சீட்டில் குறி பார்க்கும் முறையை எழுதி வெளியிட்டார். டாரட்டைப் பற்றி அவர் எழுதியது அதற்குப் பிறகு, 1785-ல். ஆகவே டாரட் மூத்தது, மற்றச் சீட்டெல்லாம் நேற்றுப் பிறந்தது என்று சொல்கிறவர்களின் பேச்சை நான் அப்படியே ஒப்புக்கொள்வதில்லை.

அந்த மற்றச் சீட்டுகளைத்தான் 'ஆரக்கிள் கார்டு' என்கிறார்கள். ஆரூடச் சீட்டு என்று நாம் சொல்லலாம். இதற்கு எண்ணிக்கை கிடையாது, சட்டம் கிடையாது. தயாரிக்கிறவர் நாற்பது என்றால் நாற்பது, ஐம்பது என்றால் ஐம்பது. பழையவற்றில் பேர் பெற்றது லெனொர்மான் அம்மாளின் பெயரால் வழங்கும் 36 சீட்டுக் கட்டு. அந்த அம்மாள் 1843-ல் காலமான பிறகுதான் அவள் பெயரை அதற்கு ஒட்டினார்கள். அசலில் அது சுமார் 1799-ல் நூரம்பர்க்கில் ஒரு ஜெர்மானியர் செய்த, தாயக்கட்டை உருட்டி ஆடும் குடும்ப விளையாட்டு.

ஆக, இரண்டும் விளையாட்டாகப் பிறந்தவையே. பின் வித்தியாசம் எங்கே? என் அபிப்பிராயம், 'இல்லை' என்று சொல்லும் திராணியில் இருக்கிறது. டாரட்டில் மரணம் உண்டு, இடி விழுந்த கோபுரம் உண்டு. 1909-ல் லண்டனில் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணி எழுதிய கட்டில், மூன்று வாள் பாய்ந்த இருதயமும் உண்டு. பார்க்கிறவர் குழைந்து குழைந்து அர்த்தம் சொல்லலாம். சீட்டை உருவி எறிய முடியாது. எறிந்தால் 78 ஆகாது. நமது திருநள்ளாற்றுச் சனீஸ்வரர் மாதிரி. ஏழரை என்றால் ஏழரைதான்; ஐந்தாகக் குறைத்துக்கொள்ள எந்தப் பஞ்சாங்கமும் இடம் கொடுக்காது.

இக்காலத்து ஆரூடச் சீட்டுகளில் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் தேவதைகள், பூக்கள், ஆசீர்வாதங்கள். எந்தச் சீட்டை எடுத்தாலும், "உன் நல்ல காலம் வருகிறது." கிளி ஜோசியரின் கட்டும் பெரும்பாலும் சாமி படங்களே என்றாலும், முருகன் படத்தை நீட்டிவிட்டு, "ஆனால் இந்த ஆடி போகட்டும், கொஞ்சம் கஷ்ட காலம்" என்று சொல்லும் நாணயம் அவரிடம் உண்டு. தட்சிணை சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது வேறு விஷயம்! கிளியைக் கூண்டில் அடைப்பதை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் தடுத்துவிட்டதால், அந்தத் தொழிலும் இப்போது அருகி வருகிறது.

லெனொர்மான் கட்டு அப்படி மழுப்புவதில்லை. அதில் 3-ஆம் சீட்டு கப்பல், 27 கடிதம், 8 சவப்பெட்டி. இந்த மூன்றையும் படிக்கும்போதெல்லாம் எனக்குக் காரைக்கால் துறை ஞாபகத்துக்கு வருகிறது. 1853 முதல் முப்பது வருஷத்துக்கு மேலாக, புதுச்சேரியிலிருந்தும் இங்கிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் ரெயூனியனுக்கும் கப்பலேறினார்கள். இந்தியாவிலிருந்து மார்த்தினிக்குக்குப் போனவர் மட்டும் ஏறத்தாழ 25,000, குவாதலூப்புக்கு 42,000. பாய்க்கப்பலில் கரீபியத் தீவுகளுக்குச் சுமார் மூன்று மாதம். போனவர்களில் மிகப் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கடிதம் எங்கே வரும்?

கரையில் நின்ற தாயிடம் பாரிஸ் சீட்டு ஏது? கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது இருந்தது. சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சந்நிதியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இரண்டே சீட்டுகள் கொண்ட கட்டு அது, அவற்றில் ஒன்று கட்டாயம் 'இல்லை'. பிள்ளை இருக்கிறானா என்று கேட்க வந்தவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் குழந்தையின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.